எங்கள் ஊருக்காக ஒரு கேள்வி

குழு: படுவான்கரைச் சொந்தங்கள்
ஞாயிறு

பெரியண்ணர், மாலை 6.42
எல்லோருக்கும் வணக்கம். நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் பற்றியும் கிராமங்களுக்கு அரச சேவை வந்து சேரும் விதம் பற்றியும் அமைச்சரிடம் வாய்மூலக் கேள்வி கேட்கப் போகிறாராம். ஊர் நிலைமையை எழுதித் தரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கொழும்புத் தம்பி, மாலை 6.50
அண்ணா, மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கேள்வி கேட்பார்கள், அமைச்சர் “கவனத்தில் எடுக்கிறோம்” என்பார், அத்தோடு முடிந்துவிடும். சபையில் 225 பேர். மட்டக்களப்பு மாவட்டத்தில் தெரிவாகிறவர்கள் 5 பேர். அவர்களின் குரல் எவ்வளவு தூரம் எடுபடும்?

பெரியண்ணர், மாலை 6.58
நழுவ இடம் வைத்துக் கேட்டால் யாரும் நழுவத்தான் செய்வார்கள். “வறிய குடும்பங்களுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுப் பார். நாடு முழுவதற்கும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். இன்ன பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை மேன்முறையீடு வந்தது, எத்தனைக்கு முடிவு சொன்னீர்கள், மீதி எங்கே என்று கேட்டால் கதை வேறு. அமைச்சு, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு எழுத வேண்டும். கச்சேரி பிரதேச செயலகத்திடம் கேட்க வேண்டும். அலுமாரிக்குள் கிடக்கும் கோப்பை யாராவது ஒருவர் எடுத்து எண்ணியே ஆக வேண்டும். பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகும். உறுப்பினர் எழுந்து மேலதிகக் கேள்வியும் கேட்கலாம். எடுபடுவதும் படாததும் நாம் கொடுக்கும் விபரத்தில்தான் இருக்கிறது, தம்பி.

நான், மாலை 7.03
சின்ன மாமி, உங்கள் மேன்முறையீட்டுத் துண்டு கையில் இருக்கிறதா? படம் எடுத்துப் போடுங்கள்.

சின்ன மாமி, மாலை 7.15
[படம்]
மகள் எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

நான், மாலை 7.19
பெரிதாக்கிப் பார்த்தேன் மாமி. நாலாக மடித்த இடத்தில் மை தேய்ந்து, கடைசி இலக்கம் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. திகதி மட்டும் தெளிவாக இருக்கிறது.

சின்ன மாமி, மாலை 7.31
அந்தத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்துப் பணப்பையில்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் தேய்ந்துபோனது. வீடு வந்து கணக்கெடுத்தபோது மாமா உயிரோடு இருந்தார். வாவி மீனை ஏற்றித் திரிந்த மோட்டார் சைக்கிளும் வாசலில் நின்றது. எல்லாவற்றையும் உண்மையாகத்தான் சொன்னோம். 5,000 ரூபாய் பிரிவில் போட்டார்கள். பிறகு மாமாவும் போய்விட்டார். வைத்தியச் செலவுக் கடனுக்கு மோட்டார் சைக்கிளையும் விற்றுவிட்டோம். மரணச் சான்றிதழையும் விற்ற கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு இந்தத் துண்டைத் தந்தார்கள். ஒரு வருடம் கடந்துவிட்டது. அவர்களின் பதிவில் மாமா இன்னும் மீன் விற்கப் போகிறார்.

பெரியண்ணர், மாலை 7.40
மாமி, இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோது கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று பார்த்து 22 குறிகாட்டிகளால் புள்ளி போட்டார்கள். அந்த முறையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்பிருந்த சமுர்த்தி உதவிக் காலத்தில் ஆள் பார்த்துப் பெயர் போட்டதாக ஊரே பேசியது. ஆனால் புள்ளி போட்ட நாளில் இருந்த குடும்பம் மறு வருடமும் அப்படியே இருக்குமா? உழைக்கிறவர் போனால் வீட்டின் நிலை ஒரே நாளில் மாறிவிடுகிறது. பட்டியல் மாற எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்க வேண்டும்.

கொழும்புத் தம்பி, மாலை 7.44
மாமி, இவ்வளவு நாள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

சின்ன மாமி, மாலை 7.47
உனக்கும் அங்கே வாடகை இருக்கிறது மனே.

திருக்கோவில் மச்சாள், இரவு 8.02
அம்பாறை மாவட்டத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து மறுமொழிக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கினாள். கடைசியில் பாமசியில் வேலை செய்யும் பிள்ளை வாசித்துச் சொன்னது: 14 நாட்களுக்குள் ஆவணம் கொடுக்க வேண்டுமாம். அன்று பதினாறாவது நாள்.

நான், இரவு 8.06
படிக்கவே நெஞ்சு எரிகிறது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. தமிழில் கடிதம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. அண்ணா, இது கட்டாயம் கேள்வியில் வர வேண்டும்.

திருக்கோவில் மச்சாள், இரவு 8.11
இன்னொன்று. எங்கள் கிராம உத்தியோகத்தர் நல்ல மனிதர். ஆனால் பக்கத்துப் பிரிவுக்கும் அவர்தான் பதில் கடமை. வாரத்தில் பாதி நாள்தான் இங்கே இருப்பார். ஒரு வதிவிடச் சான்றிதழுக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்லி எழுதிவிட வேண்டாம். வெற்றிடம் எத்தனை, எப்போது நிரப்புவீர்கள் என்று கேளுங்கள்.

பெரியண்ணர், இரவு 8.15
சரியாகச் சொன்னாய் மச்சாள். அப்படியே எழுதுகிறேன்.

சின்ன மாமி, இரவு 8.24
பெத்தாவின் காசைப் பற்றியும் எழுதுங்கள். முதியோர் கொடுப்பனவு 5,000 ஆனது பெரிய உதவி, அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் 82 வயதில் அவவை ஆட்டோவில் ஏற்றி, ஆட்டோவோடு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏற்றி, அக்கரையில் உள்ள வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். போய்வர ஆட்டோவுக்கே 1,500 கொடுக்கிறோம். போன மாதம் காற்று அடித்தது. பாதையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டே இருந்தா. கரை வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரலை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன்.

நான், இரவு 8.27
ஐயோ பெத்தா.

பெரியண்ணர், இரவு 8.33
2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு விடிவு வந்தது. நாம் இன்னும் பாதையை நம்பித்தான் இருக்கிறோம். நடக்க இயலாத முதியவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் ஊருக்கே வந்து காசு கொடுக்க ஏற்பாடு உண்டா என்று கேட்கலாம். இதற்குப் பாலம் கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கொழும்புத் தம்பி, இரவு 8.41
மாமியின் பெயர், முகவரி எல்லாம் கேள்வியில் போடுவீர்களா?

சின்ன மாமி, இரவு 8.43
மகள் எழுதுகிறேன். இது என் சொந்தக் கருத்து. பெயர் வேண்டாம் மாமா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்பார்கள்.

சின்ன மாமி, இரவு 8.45
அம்மா சொல்கிறா: போட்டால் போடட்டும், நான் களவெடுக்கவில்லை.

பெரியண்ணர், இரவு 8.56
இரண்டு பேரும் சொல்வது நியாயம். கேள்வியில் யாருடைய பெயரும் வராது. மாமியின் விடயத்துக்கு வேறு வழி இருக்கிறது. உறுப்பினர் ஊடாகப் பாராளுமன்றத்துக்குப் பொது மனு கொடுக்கலாம். பொது மனுக்கள் பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். கேள்வி எல்லோருக்கும், மனு மாமிக்கு. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

நான், இரவு 9.01
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் நான் ஒரு விண்ணப்பம் எழுதிவிடுகிறேன். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். மாமியின் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதாவது தெரியவரும்.

பெரியண்ணர், இரவு 9.38
வரைவு இதோ. பிழை இருந்தால் திருத்துங்கள்.

(அ) மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் கிடைத்த அஸ்வெசும மேன்முறையீடுகள் எத்தனை? ஒரு வருடத்துக்கு மேல் முடிவின்றி இருப்பவை எத்தனை?
(ஆ) குடும்பத்தில் உழைப்பவர் இறந்தால் பதிவைத் திருத்த எவ்வளவு காலம் எடுக்கிறது?
(இ) இம்மாவட்டங்களின் தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழில் கடிதம் அனுப்பாததற்குக் காரணம் என்ன?
(ஈ) கிராம உத்தியோகத்தர் வெற்றிடங்கள் எத்தனை? எந்தத் திகதிக்குள் நிரப்பப்படும்?
(உ) நடமாட இயலாத முதியவர்களுக்குக் கொடுப்பனவு ஊரிலேயே கிடைக்க வழி செய்வாரா?

கொழும்புத் தம்பி, இரவு 9.46
அண்ணா, (ஆ)வில் “எவ்வளவு காலம்” என்று விட்டால் “விரைவில் திருத்துகிறோம்” என்றுதான் பதில் வரும். “கடந்த 12 மாதங்களில் மரணம் காரணமாகத் திருத்தப்பட்ட பதிவுகள் எத்தனை?” என்று மாற்றுங்கள். இலக்கம் சொல்லாமல் தப்ப முடியாது. நீங்கள் சொன்னதுதான்.

பெரியண்ணர், இரவு 9.49
மாற்றிவிட்டேன். நன்றி தம்பி. இதை நீயே தட்டச்சுச் செய்து அனுப்பு, என் கையெழுத்து வேண்டாம்.

கொழும்புத் தம்பி, இரவு 9.50
இன்றிரவே அனுப்புகிறேன். மாமி, அடுத்த மாதத்திலிருந்து பெத்தாவின் ஆட்டோச் செலவு என்னுடையது.

பெரியண்ணர், இரவு 9.55
மாமி, நாளைக் காலை மரணச் சான்றிதழ், விற்ற கடிதம், இந்தத் துண்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். மனுவுக்குப் பிரதி எடுக்க வேண்டும். துண்டை இனி மடிக்க வேண்டாம்.

சின்ன மாமி, இரவு 10.04
கொப்பிக்குள் வைத்துவிட்டேன். முதல் பாதைக்கே வருகிறேன். துறையடியில் நில்லுங்கள்.