அனலாக் ப்ளக்இன் விளம்பரங்கள்: லெவலைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

ஒலிப்பித்தன்:
பழைய டேப் மிஷினின் இதமான சிதைவைப் பாட்டில் சேர்க்கிற, புதிதாக வந்திருக்கும் ஒரு டேப் சாச்சுரேஷன் ப்ளக்இன்னுக்கு (மிக்ஸிங் மென்பொருளோடு இணைக்கும் துணை மென்பொருள்) மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வருகிறது, பெயர் வேண்டாம். நியூரல் நெட்வொர்க்கில் பிறந்த அசல் அனலாக் ஒலியாம், மிக்ஸுக்கு முப்பரிமாண ஆழமாம், அலியாசிங் (எல்லை தாண்டிய அதிர்வெண் மடங்கிக் கீழே பொய்யொலியாக விழுவது) அறவே இல்லையாம், அப்புறம் வழக்கம்போல 199 டாலர் இந்த வாரம் மட்டும் 39. டெமோ வீடியோவில் பைபாஸை எடுத்து ப்ளக்இன்னை வேலை செய்யவிடும்போதெல்லாம் மீட்டர் ஒன்றரை டிபி ஏறுகிறது. அவ்வளவு ஏறினால் எதுவுமே நன்றாகத்தான் கேட்கும். சத்தம் கூடும்போது காதுக்கு பாஸ் இன்னும் தூக்கலாக எடுபடும் என்று 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்கிற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். சத்தத்தைக் கூட்டும் ஃபேடரைத் தூக்கினாலே கிடைக்கிற ஆழத்துக்கு 39 டாலரா?

ஃபேடர்_பாண்டி:
நான் வாங்கிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். சாச்சுரேஷன் என்றால் ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) சேரும், சேர்ந்தால் லெவல் ஏறத்தான் செய்யும், அதில் என்ன மோசடி? பக்திப் பாட்டு, கடை விளம்பரம் என்று மிக்ஸ் செய்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. வோக்கலில் போட்டு இரண்டு நாப் திருகினால் வேலை முடிகிறது. பாட்டு கொடுத்தவர் கிராஃப் கேட்பதில்லை, பாட்டு நன்றாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.

ஒலிப்பித்தன்:
பாண்டி அண்ணே, உங்கள் மிக்ஸில் நான் குறை சொல்லவில்லை, சாச்சுரேஷனே பொய் என்றும் சொல்லவில்லை. அலியாசிங் அறவே இல்லை என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கு, அதனால் சோதித்தேன். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் செஷனில் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளே விடுங்கள். மூன்றாவது ஹார்மோனிக் 30-ல் விழவேண்டும், ஆனால் அந்த செஷனில் அதில் பாதியான 22.05-க்கு மேல் இடமே கிடையாது, அதனால் மடங்கி 14.1-ல் வந்து உட்காருகிறது. ஐந்தாவது 50, அது 5.9-ல். பத்துக்கும் 5.9-க்கும் சுருதி சம்பந்தம் எதுவும் இல்லை. டெமோ வெர்ஷனை நிறுவியபடியே ஓடவிட்டால் அனலைசரில் அந்த 5.9 கோடு தெளிவாக நிற்கிறது. ஓவர்சாம்ப்ளிங்கை (உள்ளே அதிக சாம்பிள் ரேட்டில் கணக்குப் போடுவது) 8 மடங்குக்கு ஏற்றினால் கோடு நன்றாக அடங்குகிறது, சிபியூ மீட்டர் ஏறுகிறது. இதை விளம்பரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாமே?

ஃபேடர்_பாண்டி:
10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையில் யாரப்பா பாட்டுப் போடுகிறார்கள்? சிம்பல் அடிக்கிற சத்தத்தில் உங்கள் 5.9 கோட்டைக் காதால் பிடித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ரிவெர்ப்_ரசிகை:
குறுக்கே வருகிறேன். நியூரல் என்றாலே ஏமாற்று என்று ஆகிவிடக்கூடாது. ஸ்டீவன் அட்கின்சனின் நியூரல் ஆம்ப் மாடலர் திறந்த மூலம், இலவசம், கிட்டார் ஆம்ப் கேப்சர்கள் (நிஜ ஆம்பைப் பதிவு செய்து உருவாக்கிய மாதிரிகள்) அதில் அசத்தலாக இருக்கின்றன. ஆனால் சாதாரணமாக ஒரு கேப்சர் என்பது நாப்கள் இருந்த ஒரே ஒரு நிலையின் படம். இந்த டேப் ப்ளக்இன்னில் பத்து நாப் இருக்கிறது. எத்தனை நிலைகளில் பதிவு செய்தார்கள், நடுவில் வருவதை எப்படி நிரப்புகிறார்கள் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று, இரண்டு ஃபைலில் ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் போட்டு மிச்சத்தைக் கேட்கிற நல் டெஸ்ட்டை இதில் யாரும் ஆதாரமாகக் கொண்டு வரவேண்டாம். டேப்பின் ஆட்டமும் இரைச்சலும் ஒவ்வொரு தடவையும் மாறும், அதே ப்ளக்இன்னை இரண்டு முறை ரெண்டர் செய்தாலே நல் ஆகாது.

ஒலிப்பித்தன்:
அசல் என்கிற பேச்சுதான் எனக்கு அதைவிட எரிச்சல். டேப் மிஷினை விடுங்கள், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரசரையே எடுங்கள். 1176 என்கிற கம்ப்ரசர் வந்தது 1967-ல், அதற்குள்ளேயே எத்தனையோ ரிவிஷன்கள். எல்ஏ-2ஏ கம்ப்ரசரில் இருக்கிற, ஒளியால் வேலை செய்யும் ஆப்டிக்கல் செல் வயதாக ஆக வேறு மாதிரி நடந்துகொள்ளும், ஒரே ரேக்கில் இருக்கிற இரண்டு யூனிட்டே ஒன்றாகக் கேட்காது. அச்சு அசல் என்றால் எந்த யூனிட்டின் அசல்? விலையும் அப்படித்தான், 199-க்கு யாராவது வாங்கியிருக்கிறார்களா? வல்ஹல்லா நிறுவனத்தார் எதிரொலி சேர்க்கிற தங்கள் ரிவெர்ப் ப்ளக்இன்களை 50 டாலர் என்று போட்டுவிட்டு, தள்ளுபடி நாடகம் இல்லாமலே விற்கிறார்கள்.

ஃபேடர்_பாண்டி:
பழைய யூனிட்டை வாங்க என்னிடம் பணமும் இல்லை, சர்வீஸ் பண்ண ஆளும் இல்லை. அதே மாதிரி இல்லாவிட்டால் போகட்டும், நன்றாக இருக்கிறதா இல்லையா? அதைச் சொல்லாமல் விளம்பர வரிகளோடு மல்லுக்கட்டுகிறீர்கள். ஒரே லவுட்னெஸில் இரண்டு ஃபைல் ஏற்றுகிறேன், எதில் ப்ளக்இன் இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

ரிவெர்ப்_ரசிகை:
ஒரு தடவை சொல்வது பூவா தலையா மாதிரிதான். ஏபிஎக்ஸ் முறையில் (எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று பெயர் தெரியாமல் கண்டுபிடிப்பது) 16 தடவை கேட்கட்டும். குருட்டாம்போக்கில் அடித்தால் 12-ஓ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

ஒலிப்பித்தன்:
நான் தயார். ஆனால் நான் கண்டுபிடித்துவிட்டால் வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும்தான் ஆகும், முப்பரிமாணம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஃபேடர்_பாண்டி:
ஆரம்பிக்கும் முன்பே வக்கீல் நோட்டீஸா! சரி, வோக்கல் மட்டும் போடவா, முழு மிக்ஸா?

ஒலிப்பித்தன்:
முழு மிக்ஸ், சிம்பலோடு. ஓவர்சாம்ப்ளிங்கைத் தொடாமல், நிறுவியபடியே ரெண்டர் செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், 24 பிட் வேவ்.