மர வில்லைச் சீர்செய்ய ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கு அருகே கடலோரத்தில் வசிக்கும் நான், உறவினர் ஒருவர் தந்த பழைய மர வேட்டை வில்லைக் கொண்டு வைக்கோல் கட்டின் மீது எய்து பழகி வருகிறேன் (வேட்டைக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்காது, எனக்கும் அந்த எண்ணமில்லை). நாணைக் கழற்றிய பிறகும் வில்லின் கீழ்ப்பாதி சற்று வளைந்தே நிற்கிறது. கடற்காற்றின் ஈரத்தை மரம் உறிஞ்சியதே காரணம் என நினைக்கிறேன்.

நாணை மேலும் முறுக்கி, கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை ஒரு விரற்கடை கூட்டியதும் கையில் உணர்ந்த அதிர்வு குறைந்து, 'டங்' என்ற ஓசை மெல்லிய முனகலாக மாறியது. அதைக் கேட்பதற்காகவே மாலைதோறும் எய்கிறேன் என்றும் சொல்லலாம். ஆயினும், வலக்கையால் நாண் இழுக்கும் எனக்கு அம்பு வாலை ஆட்டியபடி இடப்பக்கமே விலகிச் செல்கிறது.

விறைப்பான அம்புத்தண்டைச் சற்று மெலிதாக்க வேண்டுமா, அல்லது வில்லின் மேற்பாதியில் எய்பவரை நோக்கிய பக்கத்தைச் சீவ வேண்டுமா? சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது என்பதால், அனுபவமுள்ளவர்கள் சொல்லும்வரை கத்தியைத் தொடாமல் காத்திருக்கிறேன்.