மாமா அனுப்பிய ஆமிஷ் செய்தி

ராசு மாமா: (பலமுறை பகிரப்பட்டது) அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் தடுப்பூசியே போடுவதில்லை. அங்கே ஒரு குழந்தைக்கும் ஆட்டிசம் இல்லை. சிந்திப்பீர், பகிர்வீர்!

சித்தி: கரண்ட் இல்லாமல், குதிரைவண்டியில் போகிற கிறிஸ்தவச் சபைக்காரர்கள்தானே? கவிதா அந்தப் பக்கம்தானே இருக்கிறாள்?

கவிதா (ஒஹாயோ): ஆமாம் சித்தி. எங்கள் மருந்தகத்து வாசலில் குதிரை கட்டவே ஒரு கம்பம் இருக்கிறது. மாமா, அதில் இரண்டு வரியும் பொய். ஆட்டிசம் உள்ள ஆமிஷ் குழந்தைகள் உண்டு. ஊசி போடுகிற ஆமிஷ் வீடுகளும் உண்டு. சபைக்குச் சபை மாறும்.

ராசு மாமா: அவர்கள் மதம் தடுக்கிறது என்றார்களே?

கவிதா: அப்படி ஒரு தடை கிடையாது. கேட்டால் பக்கவிளைவு வரும் என்பார்கள், நம் தெருவில் சொல்வதுபோலவே. பெரும்பாலோர் காப்பீடு எடுப்பதில்லை. கைக்காசுதான், பெரிய செலவென்றால் சபை கூடிக் கொடுக்கும். அதனால் நோய் வந்தால் மருத்துவர், வராதபோது எதற்கு என்ற கணக்கு. கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தூரமென்றால் வெளியாள் ஓட்டும் காரைத்தான் பிடிக்க வேண்டும். அவரை ‘இங்கிலீஷ்’ என்பார்கள். ஆமிஷ் அல்லாத எல்லாருமே இங்கிலீஷ்தான், நான் உட்பட!

சித்தி: மன்னார்குடி இங்கிலீஷ்காரி 😄

கவிதா: 2014-இல் இங்கே தட்டம்மை வந்தது. பிலிப்பைன்ஸில் புயல் நிவாரண வேலைக்குப் போன ஆமிஷ் ஆண்கள் வழியாக. முதலில் டெங்கு என்று நினைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், ஞாயிறு வழிபாடும் யாராவது ஒருவர் வீட்டில். பிறகு கேட்க வேண்டுமா? 383 பேர்.

அம்மா: உதவி செய்யப் போன இடத்திலா? ஐயோ பாவம்.

கவிதா: அடுத்ததைக் கேள் அம்மா. முகாம் போட்டதும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்த ஆண்டு 10,000 பேருக்கு மேல் ஊசி போட்டார்கள்.

ராசு மாமா: அப்படியானால் பிடிவாதக்காரர்கள் இல்லையா?

கவிதா: பென்சில்வேனியாவில் பரம்பரை நோய்களுக்கென்று 1989-இல் ஒரு மருத்துவ மையம் தொடங்கினார்கள். அதன் மரக்கட்டடத்தை ஆமிஷ்காரர்களே கூடி எழுப்பிக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து, நோய் முற்றுவதற்குள் பிடித்துவிடுகிறார்கள். தன் பிள்ளைக்குப் பயன் என்று கண்ணால் கண்டால் ஏற்றுக்கொள்கிறார்கள் மாமா. கண்ணில் படாத தட்டம்மையைத்தான் மறந்துவிடுகிறார்கள். போன மாதம் ஓர் ஆமிஷ் பெண் கைக்குழந்தையோடு வந்தார். நான் கொடுத்த தடுப்பூசித் துண்டுத்தாளைத் திருப்பிக் கூடப் பார்க்கவில்லை. “உன் மகனுக்குப் போட்டாயா?” என்று மட்டும் கேட்டார்.

சித்தி: நீ என்ன சொன்னாய்?

கவிதா: போட்டேன், இரண்டு நாள் அழுதான் என்றேன். யோசித்து வருகிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை.

அம்மா: அண்ணா, அந்தச் செய்தியை முதலில் அழியுங்கள்.

ராசு மாமா: அழித்துவிட்டேன். ஆனால் இதை எனக்கு அனுப்பியது எங்கள் நடைப்பயிற்சிக் குழுத் தலைவர். காலையில் அவரிடம் யார் சொல்வது?