புதுப்பிப்பு: உலாவி பழைய பதிப்பிலேயே நின்றதன் காரணம் தெரிந்துவிட்டது

உபுண்டு இயங்குதளத்தில் பயர்பாக்ஸ் உலாவி ஒரு வாரமாகப் பழைய பதிப்பிலேயே இருக்கிறது, மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் பயன்படும் ஆப்ட் கட்டளையோ புதிதாக எதுவும் இல்லை என்கிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

முதலில், நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். 22.04 பதிப்பிலிருந்து உபுண்டுவில் பயர்பாக்ஸ், ஸ்னாப் என்ற வேறொரு நிறுவல் முறையின் தொகுப்பாகவே வருகிறது. ஆப்டில் அதே பெயரில் இருப்பது ஸ்னாப்பை நோக்கிக் கைகாட்டும் வெற்றுத் தொகுப்புதான். எனவே ஸ்னாப் வழியாகப் புதுப்பிக்கச் சொன்னேன். உலாவி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று மறுத்தது. எல்லாச் சன்னல்களையும் மூடினேன்; மீண்டும் அதே பதில்!

பிழைச்செய்தியில் வரும் செயல்முறை எண்களை (இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி தரும் எண்) பாருங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. அவருக்கு மனமார்ந்த நன்றி. அந்த எண்கள் என்னுடையவை அல்ல, அக்காவின் கணக்குக்கு உரியவை. அவர் வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். அவருடைய உலாவி பின்னணியில் திறந்தே இருந்தது. ஒரே கணினியில் யார் திறந்து வைத்திருந்தாலும் ஸ்னாப் காத்திருக்கும். தானாக நடக்கும் புதுப்பித்தலை இப்படி 14 நாட்கள் வரை தள்ளிப்போடும். திறந்திருக்கும் உலாவியின் கோப்புகளை நடுவில் மாற்றினால் கோளாறு வரும் என்பதால் இந்த ஏற்பாடு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அதுவரை வந்து சேராதே, அதுதான் கவலை.

அக்கா உலாவியை மூடியதும் ஒரே கட்டளையில் முடிந்தது. புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன.