புதுப்பிப்பு: வளவு வீட்டுச் சாகசம் நடந்தேறியது

காரைக்குடிக்கு விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காகச் செட்டிநாட்டு வீட்டையே களமாக்கி ஒரு கதாபாத்திர விளையாட்டு (நான் கதை சொல்ல, பிள்ளைகள் பாத்திரங்களாகி, பகடை உருட்டி முடிவு காண்பது) நடத்தப்போகிறேன், சண்டையே இல்லாமல் சுவாரசியம் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்தது, அதுவும் தாராளமாக!

வரைபடத்துக்கு மெனக்கெடவில்லை. முகப்பு, நடுமுற்றமுள்ள வளவு, அதற்கடுத்த இரண்டாம் கட்டு என்று வீடே ஒவ்வொன்றாகத் திறந்து கொடுக்கிறது. தெருவாசலில் நின்றால் பின்வாசல் வரை தெரியும் என்பதால், ஒளிய நினைப்பவருக்கு 20 முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்தேன். வாய்ப்பு 30 விழுக்காடுதான். கூச்சல் கூரையைப் பிளந்தது.

காணாமல் போனது பெட்டகச் சாவி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கல்லில் மட்டும் பூ திரும்பியிருக்கிறது என்றேன். பெயர்த்துப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தால், அக்காள் மகள், "அம்மான், நான் ஆயாவிடமே கேட்டுவிடுகிறேன்" என்றாள். ஆயாவாக, அதாவது கதையில் வரும் பாட்டியாக, நடிப்பதும் நான்தானே! பகடையில் உச்ச எண்ணான 20 விழுந்தது. முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முக்கியத் தடயத்தை மூன்று வழிகளில் கிடைக்கும்படி வையுங்கள் என்று இங்கே சொன்னவருக்கு நன்றி. புதிர்களை எழுதிய நேரத்தை அதற்குச் செலவிட்டிருக்கலாம்.

அடுத்தது ரங்கூனிலிருந்து தேக்கு ஏற்றிவரும் கப்பல். கடல் குமட்டலுக்கு என்ன விதி வைக்கலாம்?