புதுப்பிப்பு: புரோஸ்டேட் வீக்கமும் நெட்டில் வேரும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பி வீங்கியதால், இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழ நேர்வதற்கும் சிறுநீர் தயங்கி வருவதற்கும் நெட்டில் என்னும் அர்ட்டிகா டையோயிக்கா செடியின் வேர்ச்சாறு உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். புரோஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வையும், கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் தங்கும் சிறுநீரின் அளவைக் காட்டும் ஸ்கேனையும் மருத்துவர் பார்த்து, தற்போதைக்கு அவசரமில்லை என்று கூறிய பின்னரே அதைத் தொடங்கினேன்.

இரவில் எழுவது குறைந்திருக்கிறது. சிறுநீர் ஓட்டத்தின் வேகம் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் மாலைக்குப் பிறகு காபியையும் நிறுத்திவிட்டேன், தவிரவும் இந்நோயின் தொல்லைகள் மருந்தில்லாமலே கூடிக் குறைபவை என்பதால், பலன் முழுவதையும் வேருக்கே எழுதிவைக்க எனக்கு மனமில்லை.

இலைத் தேநீர் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது, இலை சிறுநீரைப் பெருக்குவதற்காகப் பயன்படுத்தப்படுவது, புரோஸ்டேட்டுக்குச் சொல்லப்படுவது வேர்தான். வேரை ஏற்றுக்கொண்ட, மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட ஜெர்மனியின் கமிஷன் ஈ குழுவே, அது தொல்லைகளைத் தணிக்குமேயன்றி வீக்கத்தைக் குறைக்காது என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, தயவுசெய்து வேரை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தத் தொல்லைகளின் கடுமையை அளக்கும் சர்வதேச அறிகுறி மதிப்பெண்ணில் நான் இன்னும் 8 முதல் 19 வரையிலான நடுத்தர நிலையிலேயே இருக்கிறேன். கடுமையான நிலை தொடங்கும் 20-ஐத் தொட்டால், சிறுநீர் எளிதாக வெளியேற உதவும் டாம்சுலோசின் என்ற மருந்தைத் தொடங்குவதென்று மருத்துவரிடம் பேசி முடிவு செய்திருக்கிறேன்.