தெளிந்த வானத்தில் திடீர்ச் சாய்வு: முன்னால் போன விமானம்தான் காரணமா?

மேகவாசி: மேகமே இல்லை, ஆனாலும் இறங்கும்போது விமானம் சடாரென்று ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முன்னால் போன பெரிய விமானத்தின் சுழல்காற்று என்றார் பக்கத்து இருக்கைக்காரர். விமானி கவனமாக இருந்தால் தவிர்க்க முடியாதா?

சுழலி: அவர் சொன்னதற்கு வாய்ப்பு அதிகம். இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு, அதனால் நுனிகளில் காற்று சுருண்டு இரண்டு சுழல்களாகப் பின்னால் நீண்டு, நிமிஷத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழே இறங்கும். கனமான விமானம் மெதுவாகப் பறந்தால் சுழல் இன்னும் வலுவாகும். கண்ணுக்கும் தெரியாது, விமானத்தின் வானிலை ரேடாரிலும் தெரியாது. 2017 ஜனவரியில் அரபிக்கடலுக்கு மேல், தனக்கு 1,000 அடி மேலே எதிர்த்திசையில் கடந்துபோன ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானத்தின் சுழலில் சிக்கிய சிறிய சேலஞ்சர் ஜெட் பல ஆயிரம் அடி கீழே போய், அப்புறம்தான் கட்டுக்குள் வந்தது.

ஓடுபாதை: கவனத்துக்கு விதியே இருக்கிறது. 10,000 அடிக்குக் கீழே வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று அமெரிக்காவில் 1981இல் கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரு காரணம், 1974இல் அங்கே சார்லட் நகரில் நடந்த விமான விபத்து; அதில் விமானிகள் தரையிறங்கும் நேரத்தில் அரட்டையில் இருந்தார்கள். ஆனால் சுழலைப் பார்த்து ஒதுங்க முடியாதே, முன்னால் போவது என்ன ரகம், எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்து அதன் பாதைக்குச் சற்று மேலேயே வருவதுதான் வழி.

மேகவாசி: விமானங்களுக்கு நடுவே இடைவெளி வைப்பது தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பொறுப்பு இல்லையா?

சுழலி: பொதுவாக ஆமாம், கனரகத்துக்குப் பின்னால் வரும் நடுத்தர ரகத்துக்கு 5 கடல் மைல். ஆனால் ‘முன்னால் போவதைப் பார்த்துவிட்டேன், நானே இடைவெளி பார்த்துக்கொள்கிறேன்’ என்று விமானி ஒப்புக்கொண்டால் பொறுப்பு அவருடையது. கவனம் சிதறினால் ஆபத்து அங்கேதான்.